ஓஹாயோவில் வார இறுதி எஸ்டேட் சேல்களில் பழைய பொருட்களைத் தேடி வாங்க ஆசை. எங்கிருந்து தொடங்குவது?

புதிதாக ஓஹாயோவுக்குக் குடிவந்திருக்கிறீர்கள், தெருமுனையில் எஸ்டேட் சேல் பலகைகளைப் பார்க்கிறீர்கள், பழைய பொருட்கள் மீது ஆசை இருக்கிறது, ஆனால் உள்ளே போனால் எதை எடுப்பது என்று தெரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நானும் கொலம்பஸ் பக்கம்தான். பல வருடங்களாக வெள்ளி, சனிக் காலைகள் எனக்கு இதிலேயே போகின்றன. என் யோசனை இதுதான்: உலகத்துப் பழம்பொருட்களை எல்லாம் விட்டுவிடுங்கள். நீங்கள் இருக்கும் இடத்திலிருந்து இரண்டு மூன்று மணி நேரக் கார் பயணத்துக்குள் ஒரு காலத்தில் என்னென்ன செய்தார்கள் என்று படியுங்கள், அதை மட்டும் தேடுங்கள். ஓஹாயோவில் இருப்பவருக்கு அதுவே வாழ்நாளுக்கும் போதும்.

முதலில், இது கராஜ் சேல் இல்லை. கராஜ் சேலில் வீட்டுக்காரர் தனக்கு வேண்டாததை வாசலில் பரப்பி விற்பார். எஸ்டேட் சேலில் வீடே திறந்திருக்கும். படுக்கையறை அலமாரியிலிருந்து பேஸ்மென்ட்டில் இருக்கும் ஆணி டப்பா வரை எல்லாவற்றிலும் விலைச்சீட்டு ஒட்டியிருக்கும். வீட்டுக்குரியவர் காலமாகியிருப்பார், இல்லையென்றால் முதியோர் இல்லத்துக்குப் போயிருப்பார். பிள்ளைகள் தூரத்தில் இருப்பார்கள். இதையே தொழிலாகச் செய்யும் ஒரு நிறுவனத்திடம் பொறுப்பைக் கொடுத்துவிடுவார்கள். விற்ற தொகையில் 30, 40 சதவீதம் அந்த நிறுவனத்துக்குப் போவது வழக்கம். பெரும்பாலும் வெள்ளி தொடங்கி ஞாயிறோடு முடியும். முதல் நாள் சீட்டில் உள்ள விலை, இரண்டாம் நாள் கொஞ்சம் தள்ளுபடி, கடைசி நாள் பல இடங்களில் பாதி விலை.

எங்கே நடக்கிறது என்பதை எஸ்டேட்சேல்ஸ் டாட் நெட் தளத்தில் பார்த்துக்கொள்ளலாம். வீட்டுக்குள் எடுத்த படங்களையும் போடுவார்கள். முதல் நாள் இரவே அந்தப் படங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். நடுவில் அழகாக வைத்திருப்பதை எல்லா டீலர்களும் பார்த்திருப்பார்கள். படத்தின் ஓரத்தில், அடுக்கின் அடியில், அலமாரியின் பின்வரிசையில் தெரிவதைத்தான் தேட வேண்டும். வாசலில் எண் கொடுப்பார்கள், அல்லது ஒரு தாளில் பெயர் எழுதச் சொல்வார்கள். டீலர்கள் விடியும் முன்பே வந்து நிற்பார்கள். அவர்கள் நகைக்கும் நாணயத்துக்கும் ஓடுவார்கள். நீங்கள் சமையலறைக்கும் பேஸ்மென்ட்டுக்கும் போங்கள்.

சரி, ஏன் உள்ளூர்ப் பொருள்? ஓஹாயோவில் நல்ல களிமண் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இயற்கை எரிவாயுவும் மலிவாகக் கிடைத்தது. அதனால் மாநிலம் முழுக்கக் கண்ணாடித் தொழிற்சாலைகளும் மண்பாண்டத் தொழிற்சாலைகளும் எழுந்தன. அங்கே வேலை பார்த்தவர்களின் வீடுகளும், அவர்களின் பிள்ளைகள் வீடுகளும்தான் இப்போது விற்பனைக்குத் திறக்கின்றன. கலிஃபோர்னியாவில் இருப்பவர் இணையத்தில் பணம் கொட்டி வாங்குவது, இங்கே சமையலறை அலமாரியில் தட்டோடு தட்டாக அடுக்கியிருக்கும்.

நம் வீட்டு எவர்சில்வர் பாத்திரத்தில் பெயர் வெட்டியிருக்கும், அதைப் பார்த்து யார் வீட்டுப் பாத்திரம் என்று சொல்லிவிடுவோம் இல்லையா? இங்கேயும் பாத்திரத்தைத் திருப்பிப் பார்ப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கொலம்பஸிலிருந்து முக்கால் மணி நேரத்தில் இருக்கும் நியூவார்க்கில் ஹைஸி கண்ணாடித் தொழிற்சாலை 1896 முதல் 1957 வரை இயங்கியது. அவர்கள் முத்திரை வைரவடிவக் கட்டத்துக்குள் ஒரு ஹெச் எழுத்து. அது கண்ணாடியிலேயே பதிந்திருக்கும், கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. கோப்பையை வெளிச்சத்தில் சாய்த்து, அடியிலும் தண்டிலும் விரலால் தடவிப் பாருங்கள். ஒன்று கவனம். தொழிற்சாலை மூடியபின் அச்சுகளை வேறொரு நிறுவனம் வாங்கி, அதே முத்திரையோடு சில வருடங்கள் பொருட்கள் செய்தது. அதோடு, ஹைஸி செய்த எல்லாவற்றிலும் முத்திரை கிடையாது, பலவற்றில் வெறும் காகித லேபிள்தான் ஒட்டினார்கள். நியூவார்க்கில் ஹைஸிக்கென்றே ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது. வாங்க ஆரம்பிப்பதற்கு முன் அங்கே ஒரு நாள் செலவிடுங்கள். கண் பழகிவிடும்.

சின்சினாட்டியில் மரியா லாங்வொர்த் 1880இல் தொடங்கிய ரூக்வுட் மண்பாண்டக்கூடத்தின் முத்திரை எனக்கு மிகவும் பிடித்தது. 1886இல் ஆர், பி எழுத்துகளைச் சேர்த்து ஒரு சின்னம் வைத்தார்கள், ஆர் மட்டும் திரும்பி நிற்கும். பிறகு வருடத்துக்கு ஒரு தீச்சுடரை அதைச் சுற்றிச் சேர்த்துக்கொண்டே போனார்கள். 1900இல் 14 சுடர்கள் ஆயின. அதற்குப்பின் சுடர் சேர்ப்பதை நிறுத்திவிட்டு, அடியில் ரோமன் எண்ணில் வருடத்தைப் போட்டார்கள். பூச்சாடியைக் கவிழ்த்துச் சுடர்களை எண்ணினால் அது பிறந்த வருடம் கையில் வந்துவிடும். விலை அதிகம்தான், டீலர்கள் விடமாட்டார்கள், ஆனாலும் பார்க்கக் கிடைப்பதே சந்தோஷம்.

லங்காஸ்டரில் ஆங்கர் ஹாக்கிங் செய்த ஃபயர் கிங் பாத்திரங்கள், குறிப்பாகப் பால்பச்சை நிறத்து ஜேடைட் கப்புகள், இன்னும் நிறையக் கிடைக்கின்றன. இதே பச்சையில் புதிதாகவும் செய்கிறார்கள் என்பதால் அடியில் இருக்கும் முத்திரையைப் படிக்காமல் எடுக்காதீர்கள்.

அப்புறம் இரும்பு. தமிழ் வீட்டுக்கு எஸ்டேட் சேலில் கிடைக்கக்கூடிய மிக நல்ல பொருள் இது என்பது என் உறுதியான அபிப்பிராயம். ஓஹாயோவின் சிட்னியில் வேக்னர் 1891 முதலும், பக்கத்து மாநிலத்து ஈரி நகரத்தில் கிரிஸ்வோல்டு 1865 முதலும் வார்ப்பிரும்புப் பாத்திரங்கள் செய்தார்கள். அந்தக் காலத்தில் வார்த்தபின் உட்புறத்தைத் தேய்த்து வழவழப்பாக்குவார்கள். இன்று கடையில் கிடைக்கும் மலிவான வாணலி பலவற்றில் சொரசொரப்பு அப்படியே இருக்கும். இந்த இரண்டு பெயரிலும் விளிம்பு தாழ்ந்த வட்டக் கல் செய்தார்கள். அமெரிக்கர்கள் அதில் பேன்கேக் சுட்டார்கள். நமக்கு அது தோசைக்கல். துருப்பிடித்து, கரி ஏறி, பேஸ்மென்ட் அலமாரியின் கீழே கிடக்கும். துரு பயமில்லை, அது போய்விடும். பயப்பட வேண்டியது மூன்று. ஒன்று விரிசல்: தொங்கவிட்டு விரல் முட்டியால் தட்டினால் மணி போல் ஒலிக்க வேண்டும், மந்தமாகக் கேட்டால் வைத்துவிடுங்கள். இரண்டு, அடி வளைந்திருப்பது: சமதளத்தில் வைத்து அழுத்தினால் ஆடக்கூடாது. கண்ணாடி அடுப்பு வைத்திருப்பவர்களுக்கு இது மிக முக்கியம். மூன்று, நெருப்பில் போட்டுச் சுட்ட செம்மை படர்ந்த திட்டு. அந்த இடத்தில் எண்ணெய் பிடிக்கவே பிடிக்காது, எத்தனை முறை பழக்கினாலும் சரி.

சிலர் பழைய வாணலிகளில் ஈயத்தை உருக்கித் துப்பாக்கிக் குண்டு வார்த்திருக்கிறார்கள். வேட்டைக்காரர் வீடு என்று தெரிந்தால், உள்ளே சாம்பல் நிறப் படிவு இருந்தால், அதை எடுக்காதீர்கள். சமைக்கும் பாத்திரத்தில் இந்தச் சமரசம் வேண்டாம்.

வருடம் தெரிய இன்னும் சில வழிகள் உண்டு. ஜப்பான் பீங்கானில் ‘நிப்பான்’ (ஜப்பானியர் தங்கள் நாட்டை அழைக்கும் பெயர்) என்று இருந்தால் 1891க்கும் 1921க்கும் இடையில் வந்திருக்கும் என்று எடுத்துக்கொள்ளலாம். இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று அமெரிக்கா 1890இல் சட்டம் போட்டது. 1921க்குப் பிறகு ‘ஜப்பான்’ என்றே எழுத வேண்டியதாயிற்று. ‘ஆக்குப்பைட் ஜப்பான்’, அதாவது ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பான், என்று இருந்தால் போர் முடிந்து 1952 வரையிலான காலம். விளம்பரத் தகட்டிலோ டப்பாவிலோ முகவரியில் ஐந்து இலக்க அஞ்சல் குறியீடு இருந்தால் 1963க்கு முன் செய்தது இல்லை. மேசையைத் திருப்பும்போது பிளஸ் குறித் தலை திருகாணி தெரிந்தால், அந்த ஆணி 1930களின் நடுப்பகுதிக்கு முன் புழக்கத்தில் இல்லை. நூறு வருட மேசை என்று சொன்னால் நம்பாதீர்கள், குறைந்தபட்சம் அந்த ஆணியையாவது.

ஆனால் பொறித்திருக்கும் எண் எல்லாம் வருடமாகிவிடாது. ‘1847 ரோஜர்ஸ் பிரதர்ஸ்’ என்று முட்கரண்டியில் இருந்தால் அது பிராண்டின் பெயர், மேலே இருப்பது வெள்ளி முலாம்தான். வேக்னர் வாணலியில் ‘1891 ஒரிஜினல்’ என்று இருந்தால் நூற்றாண்டுக்காக 1990களில் வார்த்தது. இந்த இரண்டையும் முழு விலைக்கு வாங்கிக்கொண்டு சந்தோஷமாகப் போகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் கஷ்டப்படும்.

விலை பார்க்க ஈபேயில் விற்க வைத்திருக்கும் விலையைப் பார்க்காதீர்கள். ‘விற்று முடிந்தவை’ என்று வடிகட்டிப் பாருங்கள். நீலப்பூ போட்ட கார்னிங்வேர் பாத்திரத்துக்கு ஆயிரக்கணக்கான டாலர் போட்டிருப்பார்கள். உண்மையில் விற்பது சில பத்து டாலருக்கு. லாங்கபர்கர் கூடைகளும் அப்படித்தான். நியூவார்க்கில் கூடை வடிவத்திலேயே ஏழு மாடிக் கட்டடம் கட்டிய நிறுவனம் அது, 2018இல் மூடிவிட்டார்கள். கைவேலை நேர்த்தியானது, ஆனால் ஓஹாயோவில் வீட்டுக்கு வீடு இருக்கிறது. வீட்டில் வெங்காயம் போட்டு வைக்க வாங்குங்கள், விலை ஏறும் என்று வாங்காதீர்கள்.

இருட்டில் மின்னும் முள் கொண்ட பழைய கடிகாரங்களில் ரேடியம் இருக்கலாம். திறக்கவே கூடாது. 1943க்கு முந்தைய ஆரஞ்சுச் சிவப்பு ஃபியஸ்டா தட்டில் யுரேனியம் உண்டு. போருக்காக அரசு யுரேனியத்தை எடுத்துக்கொண்டதால்தான் அந்த நிறமே 1959 வரை நின்றுபோனது. அலமாரியில் வையுங்கள், அதில் சாப்பிடாதீர்கள்.

பேரம் பேசலாம். முதல் நாள் முதல் மணி நேரத்தில் மட்டும் வேண்டாம். பின்னால் வரிசை நிற்கிறது, அவர்களும் குறைக்க மாட்டார்கள். குடும்பத்தார் யாராவது அங்கே இருந்தால் அவர்கள் காதுபடப் பொருளைக் குறை சொல்லிப் பேசவே கூடாது. அது அவர்கள் அம்மா சமைத்த பாத்திரம். ஞாயிறு மதியம் போய், எடுத்ததை எல்லாம் ஒன்றாக மேசையில் வைத்து, மொத்தத்துக்கு ஒரு தொகை கேளுங்கள், கையில் ரொக்கம் இருக்கட்டும். மாலைக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டிய அவசரத்தில் இருப்பார்கள், அநேகமாகச் சரி என்றுவிடுவார்கள்.