ஆதிமனிதன் பன்னீர் சாப்பிட்டானா?

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு 47 வயது. சர்க்கரை நோய்க்கு மெட்பார்மினும் கிளிமிபிரைடும் சாப்பிடுகிறார். நான்கு மாதமாகப் பேலியோ (ஆதிமனிதன் சாப்பாடு என்று சொல்லும் டயட்). காலையில் நெய்யில் வறுத்த நூறு பாதாம், மதியம் காலிஃப்ளவரைச் சாதம்போலத் துருவிச் செய்ததோடு முட்டை, ராத்திரி பன்னீரோ கோழியோ, நடுவில் வெண்ணெய் போட்ட டீ. ஒன்பது கிலோ இறங்கிவிட்டது. ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை) 9.1-லிருந்து 6.6 ஆகியிருக்கிறது. ஆனால் கெட்ட கொழுப்பு 178. சில நாள் சாயங்காலம் கை நடுங்கி வியர்த்துக் கொட்டுகிறது. அப்போதும் சர்க்கரையைத் தொட மாட்டேன் என்று ஒரு துண்டு வெண்ணெயை வாயில் போட்டுக்கொள்கிறார். ஆதிமனிதன் சாப்பிட்டது இதுதான், நம் உடம்பு இதற்குத்தான் பழகியது என்கிறார். 72 வயது மாமியாரையும் (கிரியேட்டினின் 1.9) 10 வயது மகளையும்கூட இதற்கு மாற்றச் சொல்கிறார். மாற்றலாமா?
– ஒரு வாசகி, ஈரோடு

பதில்: சகோதரி, ஆதிமனிதன் கொஞ்சம் காத்திருக்கட்டும். முதலில் அந்தச் சாயங்கால நடுக்கத்தைப் பார்ப்போம்.

கிளிமிபிரைடு என்பது கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும் மாத்திரை. மூன்று வேளை சோறும் இட்லியும் சாப்பிட்டவருக்காக எழுதிக் கொடுத்த அளவு அது. மாவுச்சத்தை நிறுத்திவிட்டு அதே அளவைத் தொடர்ந்தால் ரத்தச் சர்க்கரை தாழ்ந்துபோகும். நடுக்கமும் வியர்வையும் பெரும்பாலும் அதுதான். அடுத்த முறை வந்தால் உடனே குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடியும் பார்க்க வேண்டும். மீட்டர் கையில் இல்லையென்றால் அதைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம், சர்க்கரையைக் கொடுத்துவிடுங்கள். வெண்ணெய் இதற்கு உதவவே உதவாது. இந்த வாரமே டாக்டரிடம் போய், சாப்பாட்டை மாற்றிவிட்டேன் என்று சொல்லி மாத்திரையின் அளவைச் சரிசெய்துகொள்ளட்டும். மாத்திரையை அவராக நிறுத்துவதும் கூடாது.

இனி அந்த ஆதிமனிதன். அவன் ஒரே ஆளாக இருந்திருந்தால் நமக்கும் வேலை சுலபமாக இருந்திருக்கும். ஆர்க்டிக் பனியில் இனுயிட் மக்கள் சீல், திமிங்கிலம், மீன் என்று கொழுப்பிலேயே வாழ்ந்தார்கள். தான்சானியாவில் ஏயாசி ஏரிப் பக்கம் இன்றும் வேட்டையாடித் திரட்டி வாழும் ஹட்சா மக்களுக்கோ கிழங்கு, பெர்ரி, பவோபாப் பழம், தேன், கிடைக்கிற நாளில் இறைச்சி. அவர்கள் உண்ணும் கலோரியில் ஏறக்குறைய 15 சதவீதம் தேனிலிருந்தே வருகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். சரி, தானியமாவது கிடையாதே என்றால், இஸ்ரேலின் கலிலேயாக் கடலோரத்தில் 23,000 ஆண்டுகளுக்கு முந்தைய குடியிருப்பு ஒன்றில் காட்டு பார்லியை அரைத்த கல்லே கிடைத்திருக்கிறது. விவசாயம் வருவதற்குப் பல ஆயிரம் ஆண்டுகள் முன்பு!

நம் பக்கத்துச் சாட்சியும் உண்டு. பாரியின் பறம்பு மலையில் உழாமலே கிடைக்கும் உணவு என்று புறநானூற்றில் கபிலர் நான்கைச் சொல்கிறார்: மூங்கில் நெல், பலாப்பழம், வள்ளிக்கிழங்கு, தேன். உங்கள் வீட்டுக்காரரின் பட்டியலில் இந்த நான்குக்கும் இடமில்லை. மாறாக அங்கே இருக்கும் பன்னீரும் வெண்ணெயும் மாட்டைப் பழக்கிக் கறக்க ஆரம்பித்த பிறகு வந்தவை. காலிஃப்ளவர் விவசாயிகள் தேர்ந்தெடுத்து உருவாக்கியது. டீயைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நம் ஊரில் பேலியோ என்ற பெயரில் நடப்பது, உள்ளபடி சொன்னால், மாவுச்சத்தைக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டிய ஒரு டயட். அது தப்பில்லை. அதன் பலன்களும் பக்கவிளைவுகளும் அந்த டயட்டுக்கு உரியவையே தவிர, கற்காலத்துக்கு உரியவை அல்ல.

பலன் நிஜம்தான். 9.1-லிருந்து 6.6 என்பது சாதாரண இறக்கமா? இந்தியர்கள் சாப்பிடும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்து என்று ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஆய்வு சொல்கிறது. அதிலும் பெரும்பகுதி தீட்டிய அரிசி, மைதா, ரவை, சர்க்கரை. அதை நிறுத்தி முட்டையும் காய்கறியும் சாப்பிட்டால் பசி அடங்கும், சர்க்கரை இறங்கும், எடை குறையும். கணவரைப் பாராட்டுங்கள். நான்கு மாதம் பரோட்டா பக்கம் தலைவைக்காமல் இருப்பது லேசுப்பட்ட காரியமில்லை.

ஆனால் இது எத்தனை நாள் நிற்கும் என்பதுதான் கேள்வி. ஸ்வீடனில் மாதவிடாய் நின்ற, உடல் பருமனான 70 பெண்களை இரண்டு ஆண்டு தொடர்ந்து பார்த்தார்கள். ஒரு குழுவுக்குப் பேலியோ, இன்னொரு குழுவுக்கு வழக்கமான பரிந்துரை உணவு. ஆறு மாதத்தில் எடை குறைவதில் பேலியோ குழு முந்தியது. இரண்டு ஆண்டு முடிவில் எடையில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. டிரைகிளிசரைடு (ரத்தத்திலுள்ள இன்னொரு வகைக் கொழுப்பு) மட்டும் பேலியோ குழுவுக்குக் கூடுதலாகக் குறைந்திருந்தது. அவர்கள் சாப்பிட்டது கொழுப்பு குறைந்த இறைச்சி, மீன், முட்டை, காய்கறி, பழம், கொட்டைகள். வெண்ணெய் கிடையாது, பழம் உண்டு.

இன்னொரு ஆய்வு எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆஸ்திரேலியப் பழங்குடியினரில் சர்க்கரை நோய் வந்த 10 பேர், ஏழு வாரம் ஊரை விட்டுத் தங்கள் பூர்வீக நிலத்துக்குப் போய் வேட்டையாடித் திரட்டிச் சாப்பிட்டு வாழ்ந்தார்கள். கெரின் ஓடியா 1984-இல் வெளியிட்ட ஆய்வு இது. சராசரியாக எட்டு கிலோ குறைந்தது. வெறும் வயிற்றுச் சர்க்கரை, நம் அளவில் சொன்னால், 209-லிருந்து 119-க்கு இறங்கியது. கங்காரு, ஆற்று மீன், கிழங்கு என்று சாப்பிட்டார்கள். கவனியுங்கள், கலோரியில் கொழுப்பு வெறும் 13 சதவீதம். ஒரு நாளைக்குக் கிடைத்ததே சுமார் 1,200 கலோரி. அதையும் நடந்து, தோண்டி, துரத்தித்தான் சம்பாதிக்க வேண்டும். நூறு பாதாமிலேயே 700 கலோரி இருக்கிறது, வறுத்த நெய் தனி. அதுவும் கடையிலிருந்து வீட்டுக்கே வந்துவிடுகிறது.

கெட்ட கொழுப்பு 178 என்பதை அலட்சியம் செய்யக் கூடாது. சர்க்கரை நோயாளிக்கு அது 100-க்குக் கீழே இருப்பது நல்லது. ஏனென்றால் அவருக்கு மாரடைப்பு அபாயம் ஏற்கெனவே கூடுதல். டிரைகிளிசரைடு இறங்கியிருக்கும், சரி. அதற்காக இது ஏறியது சரியென்று ஆகாது. வெண்ணெய் டீயை நிறுத்திவிட்டு, பாதாமை ஒரு கைப்பிடியாக்கி, நெய்யில் வறுக்காமல் சாப்பிடட்டும் (பாதாமில் ஆக்சலேட் அதிகம், சிறுநீரகக் கல் வந்தவர்களுக்கு நூறு ஆகவே ஆகாது). பன்னீர் தினமும் வேண்டாம், அந்த இடத்தில் மத்தி, அயிலை வரட்டும். கீரை, அவரை, கத்திரி, வெண்டை தாராளமாக. ஒரு கொய்யா சாப்பிட்டால் குடி முழுகிவிடாது. மாத்திரை அளவு சரியான பிறகு, மதியம் ஒரு சின்னக் கிண்ணம் சோறும் கெட்டிப் பருப்பும் சேர்த்து, இரண்டு மணி நேரம் கழித்து மீட்டரில் பார்க்கச் சொல்லுங்கள். எவ்வளவு சோறு தாங்கும் என்று அந்த எண்ணே சொல்லிவிடும். மூன்று மாதம் கழித்துக் கொழுப்பு, கிரியேட்டினின், சிறுநீரில் ஆல்புமின் மூன்றையும் எடுங்கள். கொழுப்புக்கு மாத்திரை வேண்டுமா என்று டாக்டர் சொல்லட்டும், வாட்ஸ்அப் குழு அல்ல.

மாமியாரை இதற்கு மாற்றவே வேண்டாம். கிரியேட்டினின் 1.9 என்றால் சிறுநீரகம் ஏற்கெனவே தளர்ந்திருக்கிறது. இந்த அளவு புரதம் அதற்குக் கூடுதல் சுமை. அவர் எவ்வளவு புரதம், உப்பு, பொட்டாசியம் எடுக்கலாம் என்பதைச் சிறுநீரக மருத்துவரிடம் கேட்டு அதன்படி சமையுங்கள். மகன் பேச்சைக் கேட்டு அவர் சோற்றைக் குறைத்துக்கொண்டிருக்கிறாரா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். வயதானவர்கள் இதையெல்லாம் வெளியே சொல்ல மாட்டார்கள்.

மகளுக்கு வளரும் வயது. பால், சோறு, பருப்பு, முட்டை, பழம் எல்லாம் வேண்டும். பிஸ்கட், பாட்டில் ஜூஸ், சாயங்காலப் பஃப்ஸ் ஆகியவற்றை மட்டும் குறையுங்கள். தட்டில் சோறு வைக்கும்போது, இது விஷம், குண்டாகிவிடுவாய் என்ற பேச்சு அவள் காதில் விழாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள் அவரிடம்.