டீக்கடையில் வந்த பெயர்

அன்புள்ள ஐயா,

குரூப் 2 மெயின்ஸ் எழுதினேன். வேதாரண்யம் உப்புச் சத்தியாகிரகம் பற்றி ஒரு கேள்வி. ராஜாஜி, திருச்சி, 1930 ஏப்ரல் எல்லாம் எழுதிவிட்டேன். வேதாரண்யத்தில் அவர்களுக்குத் துணை நின்றவர் பெயர் மட்டும் வரவில்லை. பேனாவைக் கடித்ததுதான் மிச்சம். வெளியே வந்து டீ குடிக்கும்போது பக்கத்தில் யாரோ கோடியக்கரைக்குப் போய்வந்ததைப் பேசினார்கள். சட்டென்று வந்துவிட்டது: சர்தார் வேதரத்தினம் பிள்ளை! நான் எல்லாவற்றையும் பகுதி, உட்பகுதி என்று கிளை பிரித்துச் சார்ட் போட்டுப் படிப்பவன். மனதிலும் அப்படித்தானே பதியும்? பிறகு ஏன் இப்படி? எனக்கு ஞாபகசக்தி குறைவா?

எம்., விருதுநகர்

அன்புள்ள எம்.,

டீக்கடையில் வந்துவிட்டது என்றால் பெயர் உள்ளேதான் இருந்திருக்கிறது. ஞாபகசக்தியைக் குறை சொல்ல அதில் ஒன்றுமில்லை. 1966-இல் எண்டல் டல்விங், ஜீனா பியர்ல்ஸ்டோன் என்ற உளவியல் ஆய்வாளர்கள் பள்ளி மாணவர்களிடம் இதைத்தான் சோதித்தார்கள். வகை பிரித்த ஒரு சொற்பட்டியலைப் படிக்கவைத்து, சிலரிடம் வெறும் தாளையும் மற்றவர்களிடம் வகைத் தலைப்புகள் போட்ட தாளையும் கொடுத்தார்கள். தலைப்பு கிடைத்தவர்கள் அதிகம் எழுதியது பெரிய விஷயமில்லை. வெறும் தாளில் திணறியவர்களுக்கு அப்புறம் தலைப்புகளைக் காட்டியதும், அவர்களும் 'மறந்த' சொற்களை எழுதத் தொடங்கினார்கள். உங்களுக்குக் கோடியக்கரை அப்படித் தாமதமாகக் கிடைத்த தலைப்பு.

சரி, சார்ட்டுக்கு வருவோம். மனது கிளை பிரித்துத்தான் வைக்கிறது என்று பெரிய ஆட்களே நம்பியிருக்கிறார்கள். 1969-இல் காலின்ஸும் குவிலியனும் விலங்கு, அதன் கீழ் பறவை, அதன் கீழ் கானரிக் குருவி என்று அடுக்கினார்கள். பாடுவது கானரியோடு இருக்கும், பறப்பது பறவையோடு, தோல் விலங்கோடு. சரியா தப்பா என்று கேட்டபோது 'கானரி பாடும்' என்பதற்குச் சுமார் 1.3 விநாடி ஆனது. 'கானரிக்குத் தோல் உண்டு' என்பது 1.5 விநாடியை நெருங்கியது. படி ஏற ஏற நேரம் கூடுகிறது. அழகான கணக்குதான், ஆனால் நிலைக்கவில்லை. நாயிலிருந்து மேலே போனால் முதலில் பாலூட்டி, அப்புறம்தான் விலங்கு. ஆனால் 'நாய் விலங்கு' என்பதற்குத்தான் மக்கள் சீக்கிரம் ஆமாம் போட்டார்கள். 1973-இல் ரிப்ஸ், ஷோபன், ஸ்மித் மூவரும் காட்டியது இது. எலினார் ராஷின் சோதனைகளிலும் அப்படியே. அமெரிக்காவில் அடிக்கடி கண்ணில் படும் சிறு பறவையான ராபினைச் சொல்லி, அது பறவையா என்றால் உடனே பதில் வரும், நெருப்புக்கோழி என்றால் கொஞ்சம் யோசிப்பார்கள்.

இதற்கு ஆய்வகம் தேவையில்லை. வீட்டில் யாரையாவது ஒரு நிமிடம் காய்கறிப் பெயர்களை வேகமாகச் சொல்லச் சொல்லுங்கள். என் வீட்டில் முருங்கைக்காய், கத்திரிக்காய், வெண்டைக்காய் என்று சாம்பார்க் காய்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு வந்தன. சின்ன நிறுத்தம். கேரட், பீன்ஸ், பட்டாணி, காலிஃபிளவர்: குருமா. மறுபடி நிறுத்தம், இந்த முறை கொஞ்சம் நீளம், கண் மேலே போய்விட்டது. வாழைப்பூ, வாழைத்தண்டு, முளைக்கீரை: தெருவில் கூடைக்கார அம்மா கொண்டுவருபவை. கத்திரிக்காயும் உருளைக்கிழங்கும் ஒரே தாவரக் குடும்பம், முருங்கைக்கு அதில் இடமே கிடையாது. ஆனாலும் கத்திரிக்காயை இழுத்துவந்தது முருங்கைதான். பல நாள் ஒரே சட்டியில் கொதித்த உறவு.

காலின்ஸே 1975-இல் எலிசபெத் லாஃப்டஸுடன் சேர்ந்து அடுக்கைக் கைவிட்டுவிட்டார். ஒரு கருத்தைத் தொட்டால் அதோடு பழகிய மற்றவையும் கொஞ்சம் விழித்துக்கொள்ளும், நெருங்கிப் பழகியவை முதலில் விழிக்கும் என்றார்கள். விவரங்களில் இன்றும் சண்டை உண்டு. அந்த அடிப்படை மட்டும் அநேகமாக எல்லோர் பேச்சிலும் இருக்கிறது.

உங்கள் சார்ட்டில் வேதரத்தினம் பிள்ளைக்குப் போக ஒரே வழிதான் இருந்திருக்கும்: விடுதலைப் போராட்டம், சட்ட மறுப்பு, தமிழ்நாடு, வேதாரண்யம். அது அடைத்துக்கொண்டால் கதை முடிந்தது. 1946-இல் அவர் தொடங்கிய கஸ்தூர்பா காந்தி கன்னியா குருகுலம், அகத்தியம்பள்ளி உப்பளம், வந்திருப்பவர் போலீஸ்காரர் என்று தெரிந்ததும் பாதிச் சவரத்தில் கத்தியை வைத்துவிட்ட நாவிதர் வைரப்பன், இவற்றோடெல்லாம் அந்தப் பெயரைச் சேர்த்துப் படித்திருந்தால், ஏதாவது ஒன்று ஹாலுக்குள்ளேயே கைகொடுத்திருக்கும். பரீட்சைக்கு வராத செய்தி என்று நாம் தள்ளிவிடுபவைதான் பல நேரம் இந்த வேலையைச் செய்கின்றன.

இன்னொன்று. 2006-இல் ரோடிகரும் கார்பிக்கியும் கல்லூரி மாணவர்களுக்குச் சிறு பாடப் பகுதிகளைக் கொடுத்தார்கள். திரும்பவும் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து 81 சதவீதம் சொன்னார்கள். படித்ததைப் பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்கள் 75. ஒரு வாரம் கழித்து முதல் கூட்டம் 42, இரண்டாவது கூட்டம் 56. அந்த ஐந்து நிமிடத் தெளிவை நம்பித்தான் நாம் புத்தகத்தை மூடிவிடுகிறோம்.

ஆகவே சார்ட்டைக் கிழித்துப்போட வேண்டாம். அதைத் திருப்பி வைத்துவிட்டு வெறும் தாளில் எழுதுங்கள், வராதவற்றோடு சற்று மல்லுக்கட்டுங்கள், அப்புறம் திருப்பிப் பார்த்துச் சரிசெய்யுங்கள். இரண்டு நாள் விட்டு மறுபடியும். இதையே யாராவது நினைவாற்றல் பயிற்சி என்று விற்க வந்தால் காசு கொடுக்காதீர்கள்.