தென்னையில் வண்டு, குழியில் புழு

"அப்போதைக்கு ஒட்டுப் போடுவதை விட்டுவிட்டு, மூலக்காரணத்தைத் தேடித் தீர்த்த பிரச்சினை ஏதாவது உங்கள் வாழ்க்கையில் உண்டா?" என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. எங்கள் தென்னந்தோப்பில் நடந்ததைச் சொல்கிறேன்.

எங்களுக்குப் பேராவூரணிப் பக்கம். 2018 நவம்பர் 16 விடிவதற்குள் கஜா புயல் எங்கள் தோப்பில் பாதிக்கு மேல் சாய்த்துவிட்டது. எல்லாம் தாத்தா வைத்த மரங்கள். அறுக்க ஆள் கிடைக்கவில்லை, அறுத்ததை வாங்கவும் ஆள் இல்லை. ஊர் முழுக்க அதே கதிதான். முடிந்தவரை துண்டு போட்டு வேலியோரம் உருட்டி அடுக்கினோம். அடுத்த வருடம் புதிதாகத் தென்னம்பிள்ளைகளை வைத்தோம்.

பிள்ளைகள் ஓரளவு தேறி வந்த நேரத்தில், புதிதாக விரிந்த மட்டைகளில் கீற்றுகள் கத்தரிக்கோலால் முக்கோணமாக நறுக்கியதுபோல் இருந்தன. காண்டாமிருக வண்டு. இது குருத்தைத் துளைத்து உள்ளே போய்ச் சாற்றைக் குடிக்கும். அப்போது மடிந்திருக்கிற இளம் இலை வெட்டுப்படும். அந்த இலை விரிந்த பிறகுதான் வெட்டு நம் கண்ணுக்குத் தெரியும். அதாவது, நாம் பார்க்கும்போது அது பழைய காயம்.

அப்பா தினமும் காலையில் முனை வளைந்த கம்பியோடு தோப்புக்குப் போவார். துளையில் மென்று துப்பிய நார் புதிதாகத் தெரிந்தால் உள்ளே கம்பியை விட்டு வண்டைக் குத்தி எடுப்பார். ஒரு பிள்ளைக்கு மூன்று அந்துருண்டை, குருத்தை ஒட்டிய மட்டை இடுக்குகளில் வைத்து மேலே மணல் போடுவோம். 45 நாளுக்கு ஒருமுறை திரும்ப வைக்க வேண்டும். வேப்பங்கொட்டைத் தூளை மணலில் கலந்தும் போட்டோம். ஆமணக்குப் பிண்ணாக்கைத் தண்ணீரில் ஊறவைத்துப் பானை பானையாக வைத்தோம். எல்லாமே வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் முறைகள்தான், பலனும் கொடுத்தன. ஆனாலும் வாரம் தவறாமல் புதுத் துளை. இரண்டு பிள்ளைகள் குருத்தழுகிப் போயின. இந்த வண்டு போட்ட காயத்தில் சிவப்புக் கூன்வண்டு வந்து முட்டை வைத்தால் மரமே போய்விடும் என்ற பயம் வேறு.

ஒருநாள் கம்பியில் குத்தி எடுத்த வண்டைத் தேங்காய் பறிக்க வரும் அண்ணனிடம் காட்டினேன். அவர் அதைப் பார்க்கவேயில்லை. "உங்க குப்பைக்குழியை எப்பத் தம்பி அள்ளுனீங்க?" என்று கேட்டார்.

அள்ளி ஒன்றரை வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. புயலுக்குப் பிறகு சாணமும் கூளமும் கொட்டிக்கொண்டே இருந்ததோடு சரி. அன்றைக்கே மண்வெட்டியை எடுத்தோம். மேலாக ஒரு முழம் கிளறியதுமே வந்தன: விரல் பருமனில், சுருண்டு படுத்த வெள்ளைப் புழுக்கள். தலை மட்டும் பழுப்பு. பின்பாதியில் தோல் மெல்லியதாக இருப்பதால், தின்ற எரு உள்ளே கறுப்பாகத் தெரிந்தது. கோழிகள் ஓடிவந்து மண்வெட்டிக்குக் கீழேயே நின்றன. ஒரு அன்னக்கூடை நிறையப் பொறுக்கினோம். பிறகு அந்த அண்ணனே வேலியோரம் கிடந்த ஒரு துண்டுமரத்தைக் கடப்பாரையால் நெம்பிக் காட்டினார். மேலே பட்டை திடமாக இருந்தது. உள்ளே எல்லாம் மக்கிப் பொடியாகி, அதற்குள்ளும் அதே புழு.

இந்த வண்டு தென்னையில் முட்டையிடுவதில்லை. தென்னை அதற்குச் சாப்பாட்டு இடம் மட்டும்தான். முட்டையிடுவது மக்கிய எருவிலும் அழுகிய மரத்திலும். புழுவாக மூன்று முதல் ஆறு மாதம் வரை அங்கேயே தின்று வளர்ந்து, கூட்டுப்புழுவாகி, வண்டான பிறகுதான் ராத்திரியில் பறந்து குருத்தைத் தேடி வரும். அப்பா அத்தனை நாளும் கம்பியால் குத்தி எடுத்தது நாங்களே வளர்த்து அனுப்பிய வண்டுகளைத்தான். இது புரிந்தபோது எனக்கு உண்மையிலேயே வலித்தது.

குழியை முழுக்க அள்ளி எருவை வயலுக்கு இறைத்தோம். மக்கிய துண்டுகளைப் பிளந்து எரித்தோம், திடமாக இருந்தவை செங்கல் சூளைக்குப் போயின. மண்ணில் நின்ற அடித்தூர்களை ஜேசிபி வைத்துப் பறித்தோம். அந்தச் செலவுதான் பெரிது. புதிதாகக் கொட்டும் குப்பையில் மெட்டாரைசியம் என்ற பூஞ்சையைக் கலந்தோம். ஈரமும் நிழலும் இருந்தால் அது புழுவின் உடம்பில் பிடித்துவிடும். சில வாரம் கழித்துக் கிளறியபோது செத்த புழுக்கள் விறைத்துப்போய், மேலே பச்சைப் பொடி பூத்துக் கிடந்தன.

பசிபிக் கடலில் இருக்கும் சமோவாத் தீவுகளின் கதையும் கிட்டத்தட்ட இதேதான். 1909 வாக்கில் இலங்கையிலிருந்து போன ரப்பர் நாற்றுகளோடு இந்த வண்டு அங்கே போய்ச் சேர்ந்தது. பல பத்தாண்டுகள் பாடாய்ப் படுத்தியது. 1963-ல் மலேயாவில் இந்த வண்டைத் தாக்கும் ஒரு வைரஸைக் கண்டுபிடித்து, 1967-ல் சமோவாவில் விட்டார்கள். நோய் பிடித்த வண்டு உடனே சாவதில்லை. முட்டையிடப் போகும் இடத்துக்கு நோயைத் தானே கொண்டுபோய்ப் புழுக்களுக்கும் பரப்பும். மனிதன் தேடிப் பிடிக்க முடியாத பொந்துகளுக்கெல்லாம் நோய் போய்ச் சேர்ந்தது இப்படித்தான்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் தப்பாகிவிடும். குழியை அள்ளிய மறுநாளே வண்டு நின்றுவிடவில்லை. ஏற்கெனவே வெளியே பறந்தவை மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அதனால் கம்பியையும் அந்துருண்டையையும் ஆறேழு மாதம் விடாமல் தொடர்ந்தோம். "அள்ளியும் போகலையே" என்று அப்பா நடுவில் சோர்ந்துபோனார். அந்த ஒட்டுவேலை இல்லாமல் இருந்திருந்தால், பலன் தெரிவதற்குள் இன்னும் சில பிள்ளைகளை இழந்திருப்போம்.

அப்புறம், வண்டுக்கு வேலி கிடையாது. பக்கத்துத் தோப்பிலும் புயலில் விழுந்த மரங்கள் அப்படியே கிடந்தன. பெரியப்பா முறை ஆகும் அவருக்கு முதலில் கோபம்தான்: "என் மரத்தால உனக்கு என்ன?" நான் வாதம் செய்யவில்லை. அவரைக் கூட்டிப்போய் அவருடைய துண்டு ஒன்றையே பிளந்து காட்டினேன். எங்களுக்கு ஜேசிபி வந்த அன்றைக்கே அவருடைய தூர்களையும் பறித்து, வாடகையைப் பாதிப் பாதி போட்டுக்கொண்டோம்.

இப்போதும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை குழியைக் கிளறுகிறோம். போன தடவை ஏழு புழு இருந்தன. கோழிக்குப் போட்டோம்.