அறிவார்ந்த பயிற்றுவிப்பு மென்பொருளில் ‘விதிவழிக் கற்பித்தல்’ என்றால் என்ன?

மாணவர் போட்ட படியைப் பார்த்து, குறிப்புக் கொடுப்பதா, கேள்வி கேட்பதா, சும்மா இருப்பதா என்பதை ‘இப்படி நடந்தால் இதைச் செய்’ என்ற விதிகளால் மென்பொருள் முடிவு செய்வதே இது.

52-இல் 17 போக 45 என்று ஒரு மாணவி எழுதினால், கடன் வாங்காமல் 7-இலிருந்து 2-ஐக் கழித்திருக்கிறாள். ஒருமுறை என்றால் கவனக்குறைவாக இருக்கலாம். அதே வகைக் கணக்கு இன்னொன்று வரும். மறுபடியும் அதே பிழை என்றால், “2-இலிருந்து 7 போகுமா?” என்ற கேள்வி வரும். பயிற்சிக் காரில் கியர் தப்பினால் பொறுத்துக்கொள்ளும் பயிற்சியாளர், எதிரே லாரி வந்தால் தன் பக்கத்து பிரேக்கை மிதிப்பாரே, அப்படி.

பாட அறிவையும் கற்பிக்கும் விதிகளையும் பிரித்து வைப்பதில்தான் சூட்சுமம். ஸ்டான்ஃபோர்டில் வில்லியம் கிளான்சி 1979-இல் உருவாக்கிய கைடன் என்ற பயிற்றுவிப்பு மென்பொருள், நோய்த்தொற்றைக் கண்டறியும் மைசின் நிரலின் விதிகளை அப்படியே வைத்துக்கொண்டு, கற்பிக்க மட்டும் சுமார் 200 விதிகளைத் தனியே சேர்த்தது.

சிக்கலும் உண்டு. இரண்டு விதிகள் ஒரே நேரத்தில் பொருந்தினால் எது முந்தும் என்று முன்பே வரையறுக்க வேண்டும். கடைசிக் குறிப்பில் விடை இருந்தால், பிள்ளைகள் அது வரும்வரை குறிப்புப் பொத்தானை அழுத்துவார்கள்!

விதி என்றதும் எல்லோருக்கும் ஒரே பாடம் என்று பலர் நினைக்கிறார்கள். விதிகள் ஒன்றுதான், ஆனால் அவரவர் பிழைகளைப் பொறுத்து வெவ்வேறு விதிகள் இயங்குவதால் இரண்டு பேருக்குப் பாடம் ஒரே வழியில் போகாது.