வத்திக்கானுக்கு ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது, மறுநாள் ஃபுளோரன்ஸுக்கு ரயில். முழங்கால் வலியுள்ள, தூத்துக்குடிக்காரரான அம்மாவுடன் புனித பேதுரு பேராலயம், மியூசியம் இரண்டையும் பார்க்க முடியுமா?

முடியும். ஆனால் விடிந்ததும் கோவில், மத்தியானத்துக்கு மேல் மியூசியம் என்று வைத்துக்கொள்ளுங்கள். டூர்க்காரர்கள் பலர் இதைத் தலைகீழாகச் செய்வார்கள். காலையில் மியூசியத்தைச் சுற்றி முடித்து, கால் ஓய்ந்த நேரத்தில் பேராலயத்தின் பாதுகாப்புச் சோதனை வரிசையில் உச்சி வெயிலில் கொண்டுபோய் நிறுத்துவார்கள். இளவட்டங்கள் தாங்கிக்கொள்ளலாம், மூட்டு தேய்ந்தவர்களுக்கு அது தண்டனை.

முதலில் கிழமையை முடிவு செய்யுங்கள். ஞாயிறு மியூசியம் மூடல். மாதத்தின் கடைசி ஞாயிறு மட்டும் இலவசமாகத் திறப்பார்கள், அன்றைக்கு அந்தப் பக்கமே தலைவைக்க வேண்டாம். ரோமில் திங்கட்கிழமை வேறு பல மியூசியங்களுக்கு விடுமுறை என்பதால் மொத்தக் கூட்டமும் இங்கே வரும். புதன் காலையில் திருத்தந்தையின் மறைக்கல்வியுரை, அதாவது போப்பாண்டவர் பேராலயத்தின் முன்சதுக்கத்தில் மக்களைச் சந்தித்துப் பேசும் நிகழ்ச்சி, நடந்தால், அது முடியும்வரை பேராலயத்துக்குள் போக முடியாது. ஆக, செவ்வாய் அல்லது வியாழன். ஜூன் 29, ஆகஸ்ட் 15, டிசம்பர் 8 போன்ற பெருவிழா நாட்களில் மியூசியம் கிடையாது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் அம்மாவுக்குப் போப்பாண்டவரைப் பார்க்கும் ஆசை இல்லாமல் இருக்காது. அதற்குச் சுலபமான வழி ஞாயிறு நண்பகல் 12 மணி மூவேளை செபம். சதுக்கத்தில் போய் நின்றால் போதும், அனுமதிச் சீட்டு தேவையில்லை, அவர் ஜன்னலில் வந்து பேசி ஆசீர் கொடுப்பார். ஆனால் அன்றைக்கு மியூசியம் போச்சு. ஒரே நாளில் இரண்டும் வேண்டும் என்றால் புதன்கிழமையை எடுத்து, காலையில் சதுக்கம், மத்தியானம் மியூசியம், சாயங்காலம் பேராலயம் என்று போகலாம். அம்மாவின் முழங்கால் அதற்கு ஒத்துக்கொள்ளுமா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். மறைக்கல்வியுரைக்கான சீட்டும் இலவசம்தான், யாராவது காசு கேட்டால் நகர்ந்துவிடுங்கள்.

மியூசியம் டிக்கெட் 20 யூரோ, ஆன்லைன் முன்பதிவுக்கு மேலே 5 யூரோ. அந்த 5 யூரோவைக் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கலாம். அதிகாரப்பூர்வத் தளத்தின் முகவரி 'டாட் விஏ' என்று முடியும். தேடலில் அதற்கு மேலே வரும் பளபளப்பான தளங்கள் பெரும்பாலும் இடைத்தரகர்களுடையவை. பிற்பகல் 2 மணி வாக்கில் நேரம் எடுங்கள். வத்திக்கானுக்குப் பக்கத்தில் உள்ள ஒத்தாவியானோ மெட்ரோ நிலையத்தில் இறங்கியதும் கழுத்தில் அட்டை மாட்டிய சிலர் "பேராலயத்துக்கு டிக்கெட் எடுத்துவிட்டீர்களா?" என்று கேட்பார்கள். பேராலயத்துக்குள் போகக் கட்டணமே கிடையாது.

பேராலயம் காலை 7 மணிக்குத் திறக்கும். 7 மணிக்கே சதுக்கத்தில் இருந்தால் சோதனை வரிசை சிறியதாக இருக்கும். தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும், சேலை கட்டிய அம்மாவுக்குப் பிரச்சினை இல்லை, அரைக்கால் சட்டை போடும் உங்களுக்குத்தான். சதுக்கத்தைச் சுற்றி நிற்கும் 284 தூண்களும் சிற்பி பெர்னினியின் வேலை. நீரூற்றுக்கும் நடு ஸ்தூபிக்கும் இடையே தரையில் ஒரு வட்டக்கல் பதித்திருக்கும். அதன்மேல் நின்று பார்த்தால் நான்கு வரிசைத் தூண்களும் ஒரே வரிசையாகத் தெரியும். நாலு அடி நகர்ந்தால் கலைந்துவிடும். நம் தேவசகாயம் பிள்ளைக்கு 2022 மே 15 அன்று புனிதர் பட்டம் கொடுத்தது இந்தச் சதுக்கத்தில்தான்.

உள்ளே நுழைந்ததும் வலப்பக்கம் முதல் சிற்றாலயத்தில் மைக்கேல் ஆஞ்சலோவின் பியேத்தா. இறந்த மகனை மடியில் கிடத்திய மாதா. 1499இல் இதை முடித்தபோது அவருக்கு வயது 24தான். 1972இல் ஒருவன் சுத்தியலால் அடித்து மாதாவின் மூக்கையும் கையையும் உடைத்த பிறகு கண்ணாடிக்குப் பின்னால் வைத்துவிட்டார்கள். மாதாவின் மார்பின் குறுக்கே ஓடும் பட்டையைக் கவனியுங்கள், அதில் சிற்பி தன் பெயரைச் செதுக்கியிருக்கிறார். அவர் கையெழுத்திட்ட ஒரே சிலை இது. கொஞ்சம் தள்ளி, அதே வலப்பக்கத்தில், இரண்டாம் யோவான் பவுலின் கல்லறை. அங்கே அம்மா நின்றுவிடுவார், அவசரப்படுத்தாதீர்கள்.

பீடங்களுக்கு மேலே இருக்கும் பெரிய ஓவியங்கள் ஓவியங்களே அல்ல என்பதைப் பலர் கவனிப்பதில்லை. கிட்டே போய்ப் பாருங்கள். அத்தனையும் பொடிப்பொடியான வண்ணச் சில்லுகளைப் பதித்த மொசைக். மெழுகுவர்த்திப் புகையிலும் ஈரத்திலும் ஓவியம் கெட்டுவிடும் என்பதால் மாற்றினார்கள். ரஃபேலின் 'உருமாற்றம்' இங்கே மொசைக்காக இருக்கிறது. அவர் கையால் வரைந்தது மியூசியத்தின் ஓவியக்கூடத்தில் இருக்கிறது. காலையில் நகலையும் மத்தியானம் அசலையும் பார்க்கலாம்.

நடுப்பீடத்துக்குப் பக்கத்தில் வெண்கலப் பேதுரு சாவியோடு உட்கார்ந்திருப்பார். நூற்றாண்டுக் கணக்கில் யாத்திரிகர்கள் தொட்டும் முத்தமிட்டும் வலது பாதத்தின் விரல்களே காணோம், மழமழவென்று ஒரே கட்டியாகத் தேய்ந்துவிட்டது. நடுப்பீடத்தின் மேலே பெர்னினியின் வெண்கல விதானம், கிட்டத்தட்ட 29 மீட்டர். கீழே பேதுருவின் கல்லறை. நிலவறைக்கு இறங்கினால் அது உங்களை வெளியே கொண்டுபோய் விட்டுவிடும், ஆகவே அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். காலையில் இத்தாலிய மொழித் திருப்பலி கிடைத்தால் அம்மா உட்கார்ந்து பூசை பார்க்கட்டும், கால்களுக்கும் ஓய்வு. கோபுரத்துக்கு 551 படிகள். லிஃப்ட் எடுத்தாலும் 320 படிகள் பாக்கி, கடைசிப் பகுதியில் சுவர் சாய்ந்து வருவதால் உடம்பைச் சாய்த்துக்கொண்டே ஏற வேண்டும். அம்மாவுக்கு வேண்டவே வேண்டாம். பூசையை விட்டுவிட்டு நீங்கள் ஏற அம்மா சம்மதித்தால் 7.30க்கே ஏறலாம்.

10 மணிக்குள் வெளியே வந்துவிடுங்கள். மியூசியம் வாசல் இங்கே இல்லை, கோட்டைச் சுவரை ஒட்டி வடக்கே கால் மணி நேரத்துக்கு மேல் நடக்க வேண்டும். பொடிநடையாகப் போய், வழியில் சாப்பிட்டு, அறை பக்கத்தில் இருந்தால் படுத்து எழுந்து வாருங்கள்.

மியூசியத்தில் எல்லாவற்றையும் பார்க்கிறேன் என்று கிளம்பினால் மைக்கேல் ஆஞ்சலோவின் ஓவியங்கள் இருக்கும் சிஸ்டைன் சிற்றாலயத்துக்குப் போகும்போது பார்க்கக் கண் இருக்காது. நான் சொல்வது நாலே நாலு: ஓவியக்கூடம், பாம்புகளிடம் சிக்கிய லாவோகூன் சிலை, ரஃபேல் அறைகள், சிஸ்டைன். மற்றதெல்லாம் போகிற வழியில் தானாகக் கண்ணில் படும். வரைபடக் கூடம் 120 மீட்டர் நீளம், அதைக் கூட்டத்தோடு நகர்ந்துகொண்டே அண்ணாந்து பார்த்தால் போதும். நுழைந்ததும் முதல் வேலையாக ஓவியக்கூடத்துக்குப் போங்கள். எல்லாரும் சிஸ்டைனைப் பார்த்து ஓடுவதால் அங்கே நிம்மதியாக நிற்கலாம். ரஃபேலின் அசலோடு, கிறிஸ்துவின் உடலைக் கல்லறைக்கு இறக்கும் கரவாஜியோவின் ஓவியமும் அங்கேதான். சக்கர நாற்காலி இலவசமாகக் கொடுக்கிறார்கள், அடையாள அட்டையைக் காட்ட வேண்டும். அம்மா கௌரவம் பார்ப்பார். பேசிச் சம்மதிக்க வையுங்கள்.

சிஸ்டைனில் நுழையும் வாசல் பீடச் சுவரிலேயே இருப்பதால், அந்தச் சுவரில் உள்ள 'பொதுத்தீர்வை' (உலக முடிவின் கடைசித் தீர்ப்பு) ஓவியம் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும். உள்ளே வந்ததும் கழுத்தை வளைக்காமல் நேராக எதிர்முனைக்கு நடந்து திரும்புங்கள். பக்கச் சுவர்களை ஒட்டி உட்காரும் திண்டுகள் உண்டு, இடம் காலியானதும் அம்மாவை உட்கார வையுங்கள். மேற்கூரை ஓவியங்கள் 1508 முதல் 1512 வரை வரைந்தவை. மைக்கேல் ஆஞ்சலோ படுத்துக்கொண்டு வரைந்தார் என்பது கட்டுக்கதை, சாரத்தில் நின்றபடிதான் வரைந்தார். எதிர்முனையிலிருந்து ஆரம்பித்தார். அங்கே தலைக்கு மேலே இருக்கும் பெருவெள்ளக் காட்சியில் உருவங்கள் சின்னது சின்னதாக நெரிசலாக இருக்கும். பீடத்தை நெருங்க நெருங்க ஆட்கள் குறைந்து உருவங்கள் பெரிதாகிவிடும். ஏறத்தாழ 20 மீட்டர் கீழே நிற்பவனுக்கு எது தெரியும் என்பது பாதி வேலையில் அவருக்குப் பிடிபட்டது. பையில் ஒரு சின்ன பைனாகுலர் இருந்தால் இங்கேதான் அதன் உபயோகம்.

பொதுத்தீர்வை பிற்பாடு, 1536 முதல் 1541 வரை வரைந்தது. அதில் தன் தோலைக் கையில் பிடித்திருக்கும், தோலுரித்துக் கொல்லப்பட்டதாகச் சொல்லப்படும் சீடர் பர்த்தொலொமேயுவைத் தேடுங்கள், அந்தத் தொங்கும் தோலில் இருப்பது ஓவியரின் சொந்த முகம் என்கிறார்கள். வலப்பக்கச் சுவரில் கிறிஸ்து பேதுருவிடம் சாவி கொடுக்கும் பெருஜினோவின் ஓவியத்தை அம்மாவுக்குக் காட்டுங்கள், காலையில் பார்த்த வெண்கலப் பேதுருவின் கையில் இருந்த அதே சாவி. படம் எடுக்கக் கூடாது, பேசக் கூடாது. காவலர்களின் "சிலென்சியோ" அதட்டல்தான் அங்கே அதிகச் சத்தம்.

சிஸ்டைனிலிருந்து நேராகப் பேராலயத்துக்கு ஒரு குறுக்குவழி உண்டு என்று நிறையப் பேர் எழுதுவார்கள். அது வழிகாட்டியோடு வரும் குழுக்களுக்கானது, அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

பிரான்சிஸ் பாப்பரசரின் கல்லறையை வத்திக்கானில் தேட வேண்டாம். 2025இல் அவரை அடக்கம் செய்தது டெர்மினி ரயில் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடையில் இருக்கும் புனித மரியா மஜோரே பேராலயத்தில். அம்மா தூத்துக்குடிக்காரர் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் ஊர்ப் பனிமய மாதா பக்தியின் மூலக்கோவில் அதுதான். பனி பெய்ததாகச் சொல்லப்படும் அற்புதத்தின் நினைவாக ஆகஸ்ட் 5 அன்று கூரையிலிருந்து வெள்ளைப் பூவிதழ் தூவுவார்கள். காலை 7 மணிக்கே திறந்துவிடும். மறுநாள் ஃபுளோரன்ஸ் ரயில் பிடிக்கப் போகிறீர்கள் இல்லையா, ஒரு மணி நேரம் முன்னாடி கிளம்பினால் அதையும் பார்த்துவிடலாம். பெட்டிகளை டெர்மினியில் லக்கேஜ் அறையில் போட்டுவிட்டுப் போங்கள்.