டிவி புதுசு, ரிசீவர் பழசு: மாற்றலாமா, வேண்டாமா?

கேள்வி: 2013-ல் வாங்கிய 5.1 ஏ.வி. ரிசீவர் (படத்தை டிவிக்கும் ஒலியை ஸ்பீக்கர்களுக்கும் பிரித்து அனுப்பும் பெட்டி), அதோடு வந்த ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர். இதுதான் என் செட். போன மாதம் 4கே டிவியும் 4கே ப்ளூ-ரே பிளேயரும் வாங்கினேன். பிளேயரை ரிசீவர் வழியாக இணைத்தால் 4கே படம் வர மறுக்கிறது. நேரே டிவியில் செருகினால் வருகிறது, ஆனால் சத்தம் டிவியிலேயே நின்றுவிடுகிறது. "செட் மொத்தமும் காலாவதி, தலைக்கு மேலிருந்தும் ஒலி வரும் டால்பி அட்மாஸுக்கு மாறிவிடுங்கள்" என்கிறார் கடைக்காரர். மாற்றட்டுமா சார்?

பதில்: அவசரப்படாதீர்கள். உங்கள் செட்டில் எதுவும் கெட்டுப்போகவில்லை.

4கே தட்டில் இருக்கும் படத்துக்கு ஒரு பூட்டு உண்டு. எச்டிசிபி 2.2 என்று பெயர். படம் போகிற வழியில் இருக்கும் ஒவ்வொரு பெட்டியிடமும் அதற்கான சாவி இருக்க வேண்டும். 2013-ல் வந்த ரிசீவரிடம் அது இல்லை. நடுவில் சாவி இல்லாத ஆள் நின்றால் பிளேயர் 4கே-யைக் கையை விட்டு விடாது. இதைச் சாஃப்ட்வேர் அப்டேட் போட்டுச் சரிசெய்யவும் முடியாது. உள்ளே இருக்கும் சிப்பே வேறு.

சரி, படம் ரிசீவர் வழியாகத்தான் போக வேண்டும் என்று யார் சொன்னது? பிளேயரைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள். பல 4கே பிளேயர்களில் இரண்டு எச்டிஎம்ஐ அவுட் இருக்கும். ஒன்று படத்துக்கு, மற்றது ஒலிக்கு மட்டும். முதலாவது டிவிக்கு, இரண்டாவது ரிசீவருக்கு. அவ்வளவுதான் வேலை. தட்டில் டால்பி அட்மாஸ் என்று போட்டிருந்தாலும் பயப்பட வேண்டாம். அது டால்பியின் இழப்பில்லாத ஒலி வடிவமான ட்ரூஎச்டி-யின் மேல் ஏறி உட்கார்ந்து வருவது. ட்ரூஎச்டி தெரிந்த பழைய ரிசீவர் மேலே இருப்பதை விட்டுவிட்டு அடியில் இருப்பதை எடுத்துக்கொள்ளும். ஐந்து ஸ்பீக்கரிலும் சுருக்கி இழக்காத முழு ஒலி கிடைக்கும்.

ஒரே ஒரு அவுட்தான் இருக்கிறதா? அப்போது பிளேயர் நேரே டிவிக்கே போகட்டும், ஒலிக்கு ஏஆர்சி: டிவி தன் ஒலியை எச்டிஎம்ஐ ஒயர் வழியே ரிசீவருக்குத் திருப்பி அனுப்புவது. 2009-ல் எச்டிஎம்ஐ 1.4-உடன் வந்த வசதி இது. ரிசீவரின் எச்டிஎம்ஐ அவுட் துளைக்குப் பக்கத்தில் அந்த மூன்று எழுத்து அச்சிட்டிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். இருந்தால், டிவியில் அதே எழுத்துள்ள துளையோடு இணையுங்கள். டிவிக்குள் ஓடும் ஆப்களின் ஒலியும் இதே வழியில் 5.1-ஆக வந்துவிடும். இரண்டு பெட்டியிலும் மெனுவுக்குள் போய் சிஇசி-யை (பெட்டிகள் எச்டிஎம்ஐ வழியே ஒன்றுக்கொன்று கட்டளை அனுப்பும் வசதி) ஆன் செய்ய மறக்காதீர்கள். ஒவ்வொரு கம்பெனியும் அதற்கு ஒரு செல்லப்பெயர் வைத்து ஒளித்திருக்கும். எனக்கே சில சமயம் அரை மணி நேரம் ஆகிறது.

இரண்டு அவுட் வழியில் நீங்கள் இழப்பது உயரத்திலிருந்து வரும் ஒலி ஒன்றுதான். ஏஆர்சி வழியில் அதோடு, 5.1 ஒலி சுருக்கப்பட்டே வரும். அட்மாஸ் வீட்டுக்கு வந்ததே 2014-ல். அதற்குக் கூரையிலோ, கூரையை நோக்கி ஒலியை எறிவதாகவோ குறைந்தது இரண்டு ஸ்பீக்கராவது கூடுதலாக வேண்டும். அவற்றுக்கு ஒயர் இழுக்க வழியும் மனசும் இருந்தால் அப்போது ரிசீவரை மாற்றுங்கள். இல்லாவிட்டால் காசு கொடுத்து வாங்கியது முன்பக்கத்து ஸ்டிக்கர் மட்டும்தான்.

மாற்ற நல்ல காரணங்கள் வேறு உண்டு. 4கே-யில் 120 ஹெர்ட்ஸில் விளையாடும் பிள்ளைகள் வீட்டில் இருந்து, கேம் கன்சோலை ரிசீவர் வழியாகவே ஓட்ட வேண்டும் என்றால் எச்டிஎம்ஐ 2.1 வேண்டும். எச்டிஎம்ஐ துளைகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டு வந்தாலும் மாற்றலாம். ஒரு மணி நேரத்தில் சூடேறி அணைகிறது என்றால் முதலில் அதன் தலைமேல் உட்கார்ந்திருக்கும் செட்டாப் பாக்ஸை இறக்கி, மூடியிலுள்ள தூசியை பிரஷ்ஷால் தட்டுங்கள். நான் பார்த்த "கெட்டுப்போன" ரிசீவர்களில் பாதிக்கு மூச்சுத்திணறல்தான் வியாதி.

எப்போது மாற்றினாலும் ரிசீவரை மட்டும் மாற்றுங்கள். ஸ்பீக்கருக்கு எச்டிஎம்ஐ தெரியாது, எச்டிசிபி தெரியாது. முப்பது வருடத்துக்கு முன்னால் எந்த இரண்டு ஒயரோ, இன்றும் அதே இரண்டு ஒயர்.

கேள்வி: சண்டைக் காட்சியில் வீடு அதிர்கிறது, வசனம் வந்தால் காதில் விழவில்லை. என் கணவர் கையிலிருந்து ரிமோட் இறங்குவதே இல்லை. வாட்ஸ் கூடுதலான ஆம்ப்ளிஃபயர் வாங்கினால் சரியாகுமா?

பதில்: அம்மா, இதே கேள்விக்குப் பதிலாக ஒருமுறை நானே ஒரு புது ஆம்ப் வாங்கித் தொலைத்தேன். பழையதைவிட இரண்டு மடங்கு வாட்ஸ். கொண்டுவந்து மாட்டினால் வசனம் அதே முணுமுணுப்பு, வெடிச்சத்தம் மட்டும் இன்னும் திடம். வாட்ஸை இரட்டித்தால் கிடைப்பது 3 டெசிபல்தான் என்பது அப்போதும் எனக்குத் தெரியும். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற ஏறத்தாழ பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும். தெரிந்தும் வாங்கினேன். ஆசை வந்தால் கணக்கு எங்கே ஞாபகம் வருகிறது?

குற்றவாளி சென்டர் ஸ்பீக்கர். வசனத்தில் பெரும்பகுதி அது ஒன்றின் வழியாகத்தான் வரும். என் வீட்டில் அது டிவி ஸ்டாண்டின் கீழ்த்தட்டில், ஒரு சாண் உள்ளே தள்ளி, முழங்காலைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தது. தட்டின் விளிம்புவரை முன்னால் இழுத்தேன். முன்பக்கத்துக்கு அடியில் இரண்டு ரப்பர் அழிப்பானை வைத்து மூக்கைக் காது மட்டத்துக்குத் தூக்கினேன். வசனம் உறையிலிருந்து வெளியே வந்த மாதிரி இருந்தது.

அடுத்து ரிசீவர் மெனுவில் சென்டர் லெவலை 2 அல்லது 3 டெசிபல் ஏற்றுங்கள். டைனமிக் ரேஞ்ச் அல்லது நைட் மோட் என்று ஒன்று இருக்கும், இரவில் அதைப் போட்டால் வெடிச்சத்தம் தணிந்து பேச்சு மேலே வரும். கிராஸ்ஓவர் 80 ஹெர்ட்ஸில் இருக்கிறதா என்றும் பாருங்கள். அங்கே இருந்தால் அதற்குக் கீழுள்ள கனத்தைச் சப்வூஃபர் சுமக்கும், சென்டருக்குப் பேசுவது மட்டும்தான் வேலை. இத்தனையும் செய்து பத்து நாள் பாருங்கள். அப்புறமும் வசனம் கரகரத்தால் சென்டர் ஸ்பீக்கரைப் பற்றி யோசிக்கலாம். அதுவும் முடிந்தால் முன் ஸ்பீக்கர்களின் அதே வரிசையிலிருந்து. இல்லாவிட்டால் திரையில் குறுக்கே நடக்கிற ஆளுக்கு நடுவில் குரல் மாறும்.

கேள்வி: 55 அங்குல 4கே டிவியை 3 மீட்டர் தள்ளி உட்கார்ந்து பார்க்கிறோம். 8கே-க்கு மாறலாமா?

பதில்: வேண்டாம். 55 அங்குலத்தில் 4கே-யின் முழு நுணுக்கத்தைச் சாதாரணப் பார்வை பிரித்துப் பார்க்க ஒரு மீட்டர் பக்கத்தில் வர வேண்டும். 8கே-க்கு அரை மீட்டர். நாற்காலியை நகர்த்திப் போடுங்கள், செலவில்லை.

கேள்வி: பதினைந்து வருடப் பழைய சப்வூஃபர். கொஞ்ச நாளாக "பர்ர்ர்" என்று கிழிகிற சத்தம். தூக்கிப் போட்டுவிடலாமா?

பதில்: முன்வலையைக் கழற்றி, கூம்பையும் சட்டத்தையும் இணைக்கும் வளையத்தை ஒரு விரலால் லேசாகத் தொடுங்கள். ரப்பராக இருந்தால் வளைந்து திரும்பும். ஃபோமாக இருந்து, விரலில் கறுப்புப் பொடியாகப் பிசுபிசுத்து ஒட்டினால் நோய் அதுதான். ஃபோம் பத்து, பதினைந்து வருடத்தில் ஓட்டாமலே வைத்திருந்தாலும் உதிரும். கூம்பு, காயில் (கம்பிச்சுருள்), காந்தம் மூன்றும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும்.

வளையம் தனியாகக் கிடைக்கிறது. பழைய பசையை ஸ்பிரிட் தொட்டுச் சுரண்டி எடுத்துவிட்டு, உள்விட்டம், வெளிவிட்டம் இரண்டையும் அளந்து அதே அளவில் வாங்குங்கள். முதலில் கூம்பில் ஒட்டிக் காயவிடுங்கள், பிறகு சட்டத்தில். சட்டத்தில் ஒட்டும்போது இரண்டு கையின் விரல்களையும் பரப்பிக் கூம்பைச் சமமாக அமுக்கி விடுங்கள். உள்ளே காயில் உரசும் சத்தம் கேட்டால் பசை இறுகுவதற்குள் மயிரிழை நகர்த்துங்கள். சத்தமில்லாமல் இறங்கி ஏறினால் ஒரு நாள் முழுக்கத் தொடாதீர்கள். அதுவரை யாரும் ரிமோட்டை எடுக்காமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.