நுரையீரல் நார்மல், ஆனால் நடந்தால் மூச்சு வாங்குகிறது: என்ன செய்வது?

கேள்வி: எனக்கு வயது 46. நான்கு வருடமாக ஃபைப்ரோமயால்ஜியா (உடம்பு முழுக்க வலியும் அசதியும் தரும் நாட்பட்ட நோய்). பத்து நிமிடம் நடந்தாலே மூச்சு வாங்குகிறது. எக்ஸ்ரே, ஈசிஜி, ஸ்பைரோமெட்ரி எல்லாம் நார்மல். மூன்று பந்து மூச்சுப் பயிற்சிக் கருவியும் ஆறு மாத உடற்பயிற்சி பேக்கேஜும் எடுக்கச் சொல்கிறார் ஒரு பயிற்சியாளர். எடுக்கலாமா?

பதில்: இப்போதைக்கு இரண்டுமே வேண்டாம்.

காற்று எவ்வளவு, எத்தனை வேகத்தில் வெளியேறுகிறது என்பதைத்தான் ஸ்பைரோமெட்ரி அளக்கும். விலா வலிப்பதை அது காட்டாது. இரண்டாவது விலா நெஞ்செலும்போடு சேரும் இடத்தை விரலால் அழுத்திப் பாருங்கள், ஃபைப்ரோமயால்ஜியா உள்ள பலருக்குச் சுரீரென்று வலிக்கும். அந்த வலிக்குப் பயந்து நெஞ்சு முழுதாக விரிவதில்லை. கழுத்துத் தசைதான் மூச்சை இழுக்கிறது, அதனால் தோள் வலியும் கூடுகிறது. நடமாட்டம் குறைந்து கால் தசையும் தளர்ந்திருக்கும். "நார்மல்" என்று எழுதி ஐந்து நிமிடத்தில் அனுப்பிவிடுகிறார்களே, இதைச் சொல்ல இன்னும் இரண்டு நிமிடம் போதும்! ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்த்தார்களா? ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

பந்துக் கருவி முக்கியமாக அறுவை சிகிச்சைக்குப் பிறகு நுரையீரல் விரிவதற்கானது. நடக்கும் தெம்பை அது தராது. வேகவேகமாக இழுத்தால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்து தலை சுற்றும், விரல் நுனி மரத்துப்போகும். அதைப் பார்த்து "நுரையீரல் வீக்காக இருக்கிறது" என்று அடுத்த பொருளை விற்பார்கள்.

நடைதான் மருந்து. மோசமான நாளில் வலி கூடாமல் எவ்வளவு நடக்க முடிகிறதோ, அதுவே உங்கள் தொடக்க அளவு. அது 5 நிமிடமானாலும் சரி. வாரம் 3 நாள், நடுவில் ஒரு நாள் ஓய்வு, வாரத்துக்கு 1 நிமிடம் மட்டும் கூட்டுங்கள். நடக்கும்போது ஒரு முழு வாக்கியம் பேச வர வேண்டும். இரண்டு அடிக்கு மூக்கால் இழுத்து, நான்கு அடிக்கு உதட்டைக் குவித்து விடுங்கள். படி ஏறும்போது பலர் தங்களை அறியாமலே மூச்சைப் பிடித்துக்கொள்கிறார்கள், விட்டுக்கொண்டே ஏறுங்கள். 20 முதல் 30 நிமிடத்துக்கு வந்ததும் நேரத்தைக் கூட்டாமல் அதே அளவில் தொடருங்கள். பலன் தெரிய 6 முதல் 12 வாரமாகும். உடம்பு லேசாக இருக்கும் நாளில் 40 நிமிடம் நடந்துவிட்டு மூன்று நாள் படுப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு.

ஒரு விலக்கை அழுத்திச் சொல்ல வேண்டும். நடந்த மறுநாளோ அதற்கு மறுநாளோ வலியோடு நிற்காமல் காய்ச்சல் வருவது போன்ற அசதி, யோசனையே ஓடாத மந்தம், பல நாள் எழ முடியாமை வந்தால், கூடவே நாட்பட்ட களைப்பு நோயும் இருக்கலாம். அந்த நோய் உள்ளவர்களுக்கு வாராவாரம் கூட்டும் முறை கெடுதல். அந்த நோய்க்கு அதைத் தரக் கூடாது என்று பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு அமைப்பான நைஸ் 2021-லேயே சொல்லிவிட்டது. இன்றும் "தாங்கிக்கொண்டு செய்யுங்கள்" என்று விரட்டும் பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள். அப்படி நேர்ந்தால் நடைப் பயிற்சியை நிறுத்தி, அன்றாட நடமாட்டத்தை முன்பு எந்த அளவில் இந்தச் சரிவு வரவில்லையோ அதற்கும் கீழே வைத்துக்கொண்டு மருத்துவரைப் பாருங்கள்.

பேக்கேஜ்காரரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "இரண்டு வாரம் என்னால் வர முடியாவிட்டால் அட்டவணையைப் பின்னுக்கு நகர்த்துவீர்களா?" பதில் மழுப்பலாக இருந்தால் பணம் கட்டாதீர்கள்.

சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறினாலோ, நெஞ்சு வலி கைக்கோ தாடைக்கோ பரவினாலோ, ஒரு கால் மட்டும் வீங்கினாலோ உடனே அவசர சிகிச்சைக்குப் போங்கள்.